கால் இன்ச் கூடுதல்

அந்தக் கோடையில் என்னிடம் நாற்பத்திரண்டு அட்டைகள் இருந்தன. அலுவலகத்தில் திருத்தம் வந்து வீணாய்ப் போன வரைபடத் தாள்களை வெட்டிச் செய்தவை. ஒவ்வொன்றின் முன்பக்கமும் ஒரு சொல். புள்ளி, கதிர், குறுங்கோணம், இருசமவெட்டி, நாண், தொடுகோடு இப்படி. பின்பக்கம் ஒரு சிறிய படம் மட்டும். விளக்கம் எழுதவில்லை. எழுதிவைத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கைலாசபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். எங்கள் அடுக்ககத்தில் இரண்டு பெண்கள் ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போகக் காத்திருந்தார்கள். ஒருத்தி நல்ல உயரம், வாய் ஓயாது. இன்னொருத்தி கண்ணாடி போட்டவள், கேட்டால்தான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இருவருக்கும் வடிவியல் சொல்லிக்கொடுப்பதாக அவர்கள் வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன். பாடத்துக்குப் போவதற்கு முன்னால் பழைய சொற்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றுதான் அட்டைகள்.

மூன்றாவது மாணவி சித்திரை மாதத் தொடக்கத்தில் சேர்ந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்துக் கட்டிய அறையில் தையல் கடை வைத்திருந்தார். என் ஜாக்கெட்டுகளெல்லாம் அவர் தைத்ததுதான். ஒருநாள் மாலை தைத்ததை வாங்கப் போனபோது பையைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மேடம், ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"மேல அந்தப் புள்ளைங்களுக்குக் கணக்கு எடுக்கறீங்கல்ல. எனக்கும் ஒரு எடம் போடுங்களேன்."

தில்லைநகரில் ஒரு பயிற்சி மையத்தில் அவர் வாரம் நான்கு நாள் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கப்போகிறார்கள், ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆடி மாதத்துக்குள் மதிப்பெண் பட்டியல் வராவிட்டால் வேறு ஆள். அந்த வேறு ஆளும் தயாராக இருந்தது.

"ஒரு பொண்ணு, பன்னெண்டாவது பாஸு. சர்ட்டிபிகேட்டெல்லாம் பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்கு. பட்டன் ஓட்டை போடத் தெரியாது" என்றார்.

இவர் முசிறியில் பத்தாவது படித்தபோது கணக்கில் பதினெட்டு. அதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சென்ற வருஷம் தனித்தேர்வராக எழுதி மற்ற நான்கு பாடங்களையும் தேறிவிட்டார். கணக்கில் இருபத்தொன்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாள் நகல் வாங்கி, ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். எண்கணிதம் சுமார், வரைபடக் கேள்வி நன்றாக இருந்தது. வடிவியல் வரைதலில் எட்டுக்கு இரண்டு. எல்லாக் கோடுகளும் இருந்தன, வரிசையும் சரி, ஆனால் திருத்தியவர் நீளங்களின்மேல் சிவப்பு மையால் சுழித்திருந்தார். நகலில் அளவு வைத்துப் பார்க்க முடியாது, ஸ்கேன் செய்யும்போது சுருங்கியிருக்கும். கேள்வியில் வரும் சொற்களில் ஏதோ பிடிபடவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த எட்டும் முழுதாக வந்தால் முப்பத்தைந்து. எனக்கு அது ஒரு திருத்த வேலையாகத் தெரிந்தது: பிழையான பாகம் ஒன்றுதான், அதை மாற்றினால் போதும்.

முதல் ஞாயிறு, கழுத்தில் இன்ச் டேப்போடு வந்து உட்கார்ந்தார். உயரமான பெண் அவரைப் பார்த்ததும் தொடங்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, எங்க மூணு பேருக்கும் அளவெடுக்க வந்தீங்களா?"

"ஒனக்கு எடுத்தா டேப் பத்தாது. செத்த ஒக்காரு."

அட்டைகளை நான் ஒவ்வொன்றாகக் காட்ட, யார் முதலில் சொல்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். நான் எதிர்பார்த்ததைவிட அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். தொடுகோடு என்ற அட்டை வந்தபோது பெண்கள் இருவரும் "வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோடு" என்று ஒப்பித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். இருவரும் அதையே மறுபடி ஒப்பித்தார்கள்.

அவர் கையை நீட்டினார். "பாபின்லேர்ந்து நூல் கெளம்புற மாதிரியா மேடம்? சுத்திக்கிட்டே வந்து ஒரு எடத்துல விட்டுட்டு நேராப் போகுமே."

"அதேதான்."

"அப்ப ஊசிகிட்டேருந்து பாத்தா ரெண்டு பக்கமும் இழுக்கலாம். மேலாப்லயும் வரும், கீழாப்லயும் வரும்."

வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரையலாம் என்பது அடுத்த வாரப் பாடம். அன்றைக்கே முடிந்துவிட்டது. கண்ணாடிப் பெண் தன் நோட்டில் பாபின் படம் வரைந்து வைத்துக்கொண்டாள்.

சில பிழைகள் வேடிக்கையாக இருந்தன. இருசமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பாதிதான் வரைவார். "மீதி மடிப்புல இருக்கு மேடம், பிரிச்சா வந்துடும்" என்பார். ஜாக்கெட்டின் முதுகுத் துணியை இரண்டாக மடித்துப் பாதியை மட்டும் குறித்து வெட்டுகிற கை அது. காகிதம் பிரியாது என்று சொன்னேன். இரண்டே வகுப்பில் அது சரியாகிவிட்டது.

நான்கு வாரத்தில் நாற்பத்திரண்டு சொற்களும் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தன. பிறகு ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். ஆரம் மூன்று சென்டிமீட்டர் உள்ள வட்டம், மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி, அதிலிருந்து தொடுகோடுகள் வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். கணக்குப் போட்டும் சரிபார்க்க வேண்டும். மூன்று, ஐந்து என்றால் நான்கு வரும். பெண்கள் இருவருக்கும் நான்கு வந்தது. அவருக்கு நான்கு புள்ளி மூன்று.

"கணக்குல நாலு வருது. அளந்தா கூட வருது. எப்பவும் இதே கூத்துதான்" என்றார்.

அளந்து பார்த்தேன். ஆரம் மூன்று புள்ளி ஆறு. தூரம் ஐந்து புள்ளி ஆறு. ஒரு முக்கோணம் போடச் சொன்னேன். ஆறு கேட்டால் ஆறு புள்ளி ஆறு, ஐந்து கேட்டால் ஐந்து புள்ளி ஆறு. அலுவலகத்தில் இப்படி எல்லா அளவிலும் ஒரே பிழை வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவோம். ஸ்கேலை மாற்றினேன். காம்பஸை மாற்றினேன். பென்சில் முனையைப் பார்த்தேன். அவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறாரா, ஸ்கேலின் விளிம்பிலிருந்து ஆரம்பிக்கிறாரா என்று பார்த்தேன். பூஜ்யத்திலிருந்துதான். என் ஸ்கேலில், என் காம்பஸில், என் பென்சிலில் மறுபடி ஆறு மில்லிமீட்டர் கூடியது.

ஆனால் நான் வரைந்து வைத்த கோட்டை அளக்கச் சொன்னால் மிகச் சரியாகச் சொன்னார். அளப்பதில் பிழையில்லை. குறிப்பதில்தான்.

எதிரில் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்தேன். ஸ்கேலில் ஆறு என்ற இடத்தில் இடது கட்டைவிரல் நகம் நின்றது. வலது கையில் பென்சில் வந்தது. புள்ளி வைக்கும் கணத்தில் நகம் ஒரு பொட்டு அளவு நகர்ந்தது.

"அக்கா, அங்க நிறுத்தின விரல் ஏன் தள்ளிப்போகுது?"

"எங்க தள்ளிப்போச்சு?"

"இப்ப. மறுபடி வைங்க."

வைத்தார். மறுபடி நகர்ந்தது. உயரமான பெண் கைதட்டிச் சிரித்தாள். "ஆன்ட்டி முக்கோணத்துக்கு உள்ள துணி விடறாங்க மிஸ்! பின்னாடி குண்டானா பிரிச்சுக்கலாம்!"

அவர் சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் இன்ச்சு" என்றார். "ஓரத்துக்கு விடறது. விடாம எப்படி மேடம் குறிக்கறது? கை வராதே."

இருபது வருஷமாக அந்தக் கை எந்தக் கோட்டையும் தையலுக்கு விடாமல் குறித்ததில்லை. எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வரைபடங்களிலும் கடைசல் பிடித்துச் சீவி எடுக்க வேண்டிய பாகமென்றால் வார்ப்பில் மூன்று மில்லிமீட்டர் கூட்டிக் கொடுப்போம். தினமும் செய்கிற வேலை அது. ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் கையில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. அதற்குள் நான்கு வாரம் சொற்களில் போய்விட்டது.

கால் இன்ச்சைக் கழித்துக்கொண்டு குறியுங்கள் என்றேன். குழம்பினார். ஆறுக்கு ஐந்து புள்ளி நான்கு என்று மனத்தில் கணக்குப் போட்டு, அதற்குள் கோணம் மறந்து, வரிசை மறந்து, கேள்வியே மறந்துபோனது. பென்சிலை வேறு விதமாகப் பிடிக்கச் சொன்னேன். இடது கையால் குறிக்கச் சொன்னேன். எதுவும் உதவவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே ஒரு வழியோடு வந்தார்.

"எங்கிட்ட ரெண்டு அளவு உண்டு மேடம். ஒடம்பு அளவு, வெட்டுற அளவு. ஒடம்பு அளவுதான் நான் கூட்டணும். வெட்டுற அளவுன்னு எழுதி வந்தா அப்படியே குறிச்சிடுவேன். அதனால, கேள்வி எடுத்தவங்க உள்ள துணி விட்டுத்தான் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சுக்கறேன். இது வெட்டுற அளவு."

குறித்தார். ஆறு கேட்டேன், ஆறு வந்தது. ஐந்து புள்ளி எட்டு கேட்டேன், ஐந்து புள்ளி எட்டு. என் நோட்டில் தேதி போட்டு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன்: கேட்ட நீளம், வந்த நீளம், வித்தியாசம். வைகாசி இரண்டாம் வாரத்தில் வித்தியாசப் பத்தியில் எல்லாம் பூஜ்யம். தினமும் கடையில் வேலைக்கு நடுவில் பத்து முக்கோணம் போட்டுப் பழகுவதாகச் சொன்னார். நல்லது என்றேன். அதன் விளைவை நான் யோசிக்கவில்லை.

வைகாசி முகூர்த்த மாதம். கடையில் பட்டு ஜாக்கெட்டுகள் குவிந்திருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது கடை வாசலில் சித்திரை வீதிக் கல்யாண வீட்டு மாமி ஒருவர் அரக்கு நிற ஜாக்கெட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது? கொழந்தைக்குக் கை நுழைஞ்சா முதுகு மூட மாட்டேங்கறது, முதுகு மூடினா கை தூக்க முடியல. அளவு ஜாக்கெட் குடுத்தேனே!"

"அந்த அளவுதான் மாமி வெட்டினேன்."

"அந்த அளவேதான் வெட்டியிருக்கே! உள்ளே ஒரு நூல் துணி இல்லையே. பெருமாள் புண்ணியத்துல புதன்கிழமைதான் நிச்சயதார்த்தம், அன்னிக்கு முழுக்க மூச்சு விடாம இருக்கச் சொல்றதா?"

அவர் ஜாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் விடவேண்டிய ஒரு இன்ச் இல்லை. தோளில் கால் இன்ச் இல்லை. குறித்த கோட்டின் மேலேயே கத்தரி போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். மாமியே கொஞ்ச நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, ஏதாவது பண்ணு. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்லையேன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மிச்சத் துண்டுகளைத் தேடி எடுத்து, அக்குளுக்குக் கீழே சாய்சதுரமாக ஒரு துண்டும் பக்கவாட்டில் பட்டையும் கொடுத்து அன்றைக்கே சரிசெய்தார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. ஏழரை வரை பார்த்துவிட்டுக் கீழே போனேன். பெண்களும் கூடவே இறங்கி வந்தார்கள். கடையில் விளக்கு எரிந்தது. மேஜைமேல் துணி இல்லை, கத்தரி மட்டும் இருந்தது.

"எனக்கு வேணாம் மேடம்" என்றார். "கணக்கு வந்தா கத்தரி போவுது. நேத்து ராமாயணம் பாத்தீங்கல்ல. காலையில இன்னொரு துணி குறிச்சேன். விட்டேனா விடலையான்னு எனக்கே தெரியல. மூணு தடவ அளந்தேன். நான் என்னிக்கு மூணு தடவ அளந்திருக்கேன்? வேலைய நிரந்தரம் பண்ணிக்கப் போயி தெரிஞ்ச வேலையையும் தொலைச்சிட்டு நிக்கணுமா?"

அவர் சொன்னது உண்மை. தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஒரு கருவியை ஒரே சமயத்தில் இரண்டு விதமாக ஓடவிட்டால் எது எப்போது என்று காட்ட ஒரு சுவிட்ச் வேண்டும். நான் அவர் கைக்கு இரண்டாவது பழக்கத்தைக் கொடுத்தேன், சுவிட்ச் வைக்கவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உயரமான பெண்ணால் சும்மா நிற்க முடியவில்லை. "ஆன்ட்டி, நீங்க எப்பதான் இந்த டேப்பக் கழட்டுவீங்க? காலங்காத்தால கடையே தெறக்கல, கழுத்துல மால."

"குளிக்கறப்ப கழட்டுவேன்டி. ஒனக்கென்ன இப்ப?"

கண்ணாடிப் பெண் மெதுவாகச் சொன்னாள். "மேல வகுப்புலயும் போட்டுக்கிட்டுதான் வரைவாங்க."

அவர் டேப்பைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். "ஸ்கேலு குடுங்க" என்றார். மேஜையில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஆறு சென்டிமீட்டர் கோடு போட்டார். ஆறு. பிறகு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டுத் துணியை விரித்துச் சாக்கட்டியால் ஆறு இன்ச் குறித்தார். அளந்தேன். ஆறே கால்.

"இதுவரைக்கும் நெனச்சு நெனச்சு செஞ்சேன்" என்றார். "கழுத்து வெறுமனே இருந்தா நெனைக்கவே வேணாம்போல."

உடனே சரியாகிவிடவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் என் பட்டியலில் அங்கங்கே மூன்று மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இருக்கின்றன. கடையில் ஒரு ரவிக்கையின் கழுத்து இறக்கம் கொஞ்சம் பிசகியது, நல்லவேளையாக அது அவருடையதே. ஆனால் இரண்டு வேலையும் ஒன்றுக்குள் ஒன்று புகுவது நின்றது. டேப்போடு மாடியேறக் கூடாது என்று உயரமான பெண் படிக்கட்டுச் சுவரில் காகிதம் ஒட்டினாள்.

தேர்வு மையம் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். ராஜகோபுரத்தடியில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்று, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தோம். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல், காம்பஸ், பாகைமானி, தண்ணீர் பாட்டில் என்று நான் எழுதிக்கொடுத்த பட்டியலை வாசலில் நின்று சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. அவர் உள்ளே இரண்டு அடி வைத்தபிறகுதான் முதுகுப் பக்கம் மஞ்சள் முனை தொங்குவதைப் பார்த்தேன்.

"அக்கா! டேப்!"

புடவைத் தலைப்புக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கே தெரியவில்லை. திரும்பி வந்து கழற்றி என் கையில் வைத்தார்.

மூன்று மணி நேரம் எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன், பிறகு எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு இன்ச்சில் எண்கள் தேய்ந்து போயிருந்தன. அவர் அவற்றைப் படிப்பதே இல்லை என்று நினைக்கிறேன்.

மணி அடித்தது. பாதிக்கு மேல் பையன்களும் பெண்களும், நடுநடுவில் அவர் வயதுக்காரர்களும் வெளியே வந்தார்கள். அவர் கடைசிக் கும்பலில் வந்தார். நான் கேட்பதற்கு முன்னால் கையை நீட்டினார். டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டு இரண்டு முனையும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தொடுகோடு வந்துச்சு. ஆரம் ஆறு, தூரம் பத்து."

"எட்டு வரணும்."

"எட்டு. கணக்குலயும் எட்டு, அளந்தாலும் எட்டு. தூரத்தக் குறிக்கறப்ப மட்டும் கை போகப் பாத்துச்சு. கழுத்தத் தொட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்படியே வச்சிட்டேன்."

முடிவு வந்த அன்று நான் அலுவலகத்திலிருந்து போனில் அவருடைய பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கு அழைத்தேன். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு என்றேன். மெஷின் நின்றது.

"பாஸுக்கு எவ்வளவு மேடம்?" தெரிந்ததையே கேட்டார்.

"முப்பத்தஞ்சு."

"அப்ப மூணு மார்க்கு உள்ள விட்டிருக்கேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தில்லைநகர் போனார். வேலை அவருக்கே என்று ஆகிவிட்டது. வரிசையில் நின்ற பன்னிரண்டாவது தேறிய பெண் அதே மையத்தில் மாணவியாகச் சேர்ந்துவிட்டதாக ஆவணி மாதம் என் ஜாக்கெட்டைக் கொடுக்கும்போது சொன்னார். பட்டன் ஓட்டை இப்போது பரவாயில்லையாம். "ஆனா குறிக்கறப்ப துணியே விட மாட்டேங்குது மேடம்" என்றார். "ஸ்கூல்ல நல்லாப் படிச்சிருக்கும்போல."